கடைசி ஸ்டாப்பில் இறங்காதவள்

எனக்குக் கோபம் வந்துவிட்டால் வாயைக் கட்ட முடியாது. கோபம் வராத நாளில் வாயே திறக்காது. இரண்டுக்கும் நடுவில் சாதாரணமாக நாலு வார்த்தை பேசுகிற பழக்கம் எனக்கு அப்போது கிடையாது. இப்போதும் பெரிதாக ஒன்றும் வந்துவிடவில்லை. கோவில்பட்டியில் இருந்தவரை அது ஒரு குறையாகவே தெரியவில்லை. நான் பேசாவிட்டாலும் என்னிடம் பேச அங்கே ஆட்கள் இருந்தார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எம்.எஸ்ஸி. படிக்க மெட்ராஸுக்கு வந்தபோதுதான் விஷயம் புரிந்தது. நந்தனம் பக்கத்தில் ஒரு பெண்கள் கல்லூரி, வளாகத்துக்குள்ளேயே ஹாஸ்டல்.

முதல் வருடம் ஓடிவிட்டது. அறையில் கூட இருந்த திண்டுக்கல் பெண் எனக்கும் சேர்த்துப் பேசுவாள். நான் உம் கொட்டினால் போதும். இரண்டாம் வருடம் தொடங்கியதும் அவளுக்குக் கல்யாணம் முடிவாகி, படிப்பைப் பாதியில் விட்டுப் போய்விட்டாள். அவள் கட்டிலுக்கு வேறு யாரையும் போடவில்லை. அறைக்கு வந்து கதவைச் சாத்தினால் மறுநாள் காலை வகுப்புக்குப் போகும்வரை என் குரலை நானே கேட்க மாட்டேன்.

மெஸ்ஸில் நிலைமை இன்னும் மோசம். நீள மேசைகள், ஒவ்வொரு மேசையும் ஒரு கூட்டத்துக்குப் பட்டா போட்டது மாதிரி. காலியான இடத்தில் கைக்குட்டை கிடக்கும். தட்டோடு போய் நின்றால், "இங்க ஆள் வருதுப்பா" என்பார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. உண்மையிலேயே ஆள் வரும். ஆனால் தட்டைத் தூக்கிக்கொண்டு மேசை மேசையாக இடம் கேட்பதற்கு ஒரு துணிச்சல் வேண்டும், அது எனக்கு இல்லை. மெல்ல மெல்ல மெஸ்ஸுக்குப் போவதையே விட்டேன். கேட்டுக்கு வெளியே டீக்கடையில் பன்னும் வாழைப்பழமும் கிடைக்கும். உடம்பு இளைத்தது. சுடிதார் தோளில் நிற்கவில்லை. ஏன் என்று ஒருத்தியும் கேட்கவில்லை.

அப்போதுதான் பஸ் பழக்கம் வந்தது. அடையாறில் ஒரு ஆய்வுக்கூடத்தில் எனக்கு ப்ராஜெக்ட் வேலை இருந்ததால், எந்த பஸ்ஸிலும் ஏறலாம் என்கிற மாசப் பாஸ் எடுத்திருந்தேன். ப்ராஜெக்ட் முடிந்த பிறகும் பாஸ் எடுப்பதை நிறுத்தவில்லை. சாயங்காலம் கேட்டில் "லைப்ரரி" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவேன். லஸ்ஸில் போய் 29சி பிடித்து, மந்தைவெளி, அடையாறு எல்லாம் தாண்டி பெசன்ட் நகர்வரை போவேன். இறங்க மாட்டேன். அதே வண்டியில் திரும்பி வருவேன். ஹாஸ்டல் அடைக்கும் நேரத்துக்குள் வந்துவிடுவேன்.

இது என்ன பைத்தியக்காரத்தனம் என்று கேட்பீர்கள். மெட்ராஸ் பஸ்ஸில் கண்டக்டர் பின்னால் தன் இடத்தில் உட்கார்ந்திருப்பார், எழுந்து வரமாட்டார். முன்னால் ஏறுகிற பெண்கள் கொடுக்கிற சில்லறை கை மாறி, கை மாறிப் பின்னால் போகும். டிக்கெட்டும் மிச்சமும் அதே வழியில் திரும்பி வரும். நடுவில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் போதும். "ஏம்மா, அடையார் ஒண்ணு, இத்த கொஞ்சம் குட்தனுப்பு." "பாப்பா, மந்தைவெளி ரெண்டு சொல்லும்மா." விரல்கள் என் உள்ளங்கையில் காசை வைக்கும். நான் பின்னால் திரும்பாமலே கையை நீட்டி, "மந்தைவெளி ரெண்டு" என்பேன். சில நாட்களில் நான் பேசிய பேச்சு முழுவதும் அவ்வளவுதான். யாரோ ஒருத்தி தூக்கத்தில் என் தோளில் சாய்வாள். நகரவே மாட்டேன். நகர்ந்தால் விழித்துக்கொள்வாளே! பெசன்ட் நகர் வந்ததும் மனசு விழுந்துவிடும். எல்லோரும் இறங்கிப் போய், வண்டி காலியாகி, இன்ஜின் நின்ற பிறகு வரும் அமைதி இருக்கிறதே, அது என் அறையில் இருக்கும் அதே அமைதி.

"இன்னாம்மா, எறங்கலியா? லாஸ்ட் ஸ்டாப் இது" என்றார் ஒரு கண்டக்டர், முதல் தடவை.

"திரும்பப் போகணும்ணே."

"வரசொல்லவே திரும்பிப் போறதுக்குத்தான் வந்தியா? நல்லா கீது போ! குந்து, குந்து." அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. என்னைப் பார்த்தால் "நம்ம வண்டிக்கு ஓனர் வந்துட்டாங்கபா" என்று டிரைவருக்குக் குரல் கொடுப்பார். மெட்ராஸில் என்னைக் கிண்டல் செய்தவர் அவர் ஒருவர்தான். எனக்கு அது எவ்வளவு பிடித்திருந்தது என்று அவருக்குத் தெரியாது.

ஒரு நாள் காலை வார்டன் கூப்பிட்டு அனுப்பினார். நாற்காலியைக் காட்டவில்லை. நிற்க வைத்துக்கொண்டே கேட்டார்: "யாரு அந்தப் பையன்?"

"எந்தப் பையன் மேடம்?"

"நடிக்காதே. டெய்லி பெசன்ட் நகர் போறே. அங்க இறங்காம அதே பஸ்ல திரும்பி வர்றே. மெஸ்ஸுக்கு வர்றதில்ல. இளைச்சுப் போயிருக்கே. இதுக்கெல்லாம் என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா? எத்தனை பொண்ணுங்களைப் பார்த்திருக்கேன்! கண்டக்டரா? ஸ்டூடண்டா? மரியாதையா சொல்லிடு."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "பஸ் நிறைய ஆம்பளைங்க இருக்காங்க மேடம். எவனைச் சொல்றீங்கன்னு நீங்களே சொல்லிடுங்க, நானும் தெரிஞ்சுக்கிறேன்."

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. வார்டனுக்கு முகம் சிவந்துவிட்டது. "வாய் வேறயா? உங்க டிபார்ட்மெண்ட் மிஸ்ஸே பார்த்துட்டு வந்து சொல்லியிருக்காங்க. கவலைப்பட்டு சொன்னாங்க. இரு, உன் எல்.ஜி.க்குப் போன் போடறேன்" என்றார்.

எல்.ஜி. என்றால் லோக்கல் கார்டியன். வெளியூர்ப் பெண் ஹாஸ்டலில் இருக்க வேண்டுமானால், மெட்ராஸில் குடும்பத்தோடு இருக்கும் ஒருவர் அவளுக்குப் பொறுப்பு என்று கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் அறை இல்லை. என் எல்.ஜி., அப்பாவோடு கோவில்பட்டியில் வங்கியில் வேலை பார்த்துவிட்டு, மாற்றலாகிச் சொந்த ஊரான மயிலாப்பூருக்கே திரும்பிய ஒரு மாமா. தெப்பக்குளத்துக்குப் பின்னால் ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருந்தார். மாதத்தில் ஒரு ஞாயிறு அங்கே போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவேன். அந்த வீட்டில் போன் கிடையாது. அவர் கொடுத்திருந்தது பி.பி. நம்பர். கீழே வீட்டுக்காரர் வீட்டில் மணி அடிக்கும். அவர்கள் மேலே வந்து கூப்பிடுவார்கள் அல்லது விஷயத்தைக் கேட்டுக்கொண்டு போய்ச் சொல்வார்கள். அந்தக் காலத்தில் பாதி ஊர் அப்படித்தான் பிழைத்தது. யார் வீட்டில் யார் செத்தார்கள், யாருக்கு வேலை கிடைத்தது என்பதெல்லாம் முதலில் போன் வைத்திருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

வார்டன் போன் செய்தபோது மாமா ஆபீஸில், மாமி கோயிலில். வார்டன் என்ன செய்திருக்க வேண்டும்? அப்புறம் பேசுகிறேன் என்று வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. வீட்டுக்கார அம்மாளிடமே எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அந்த அம்மாள் மாமி வரும்வரை காத்திருந்தாரா, வாசலில் போனவர் வந்தவரிடமெல்லாம் சொன்னாரா, எனக்குத் தெரியாது. சாயங்காலம் மாமா காதுக்குப் போய்ச் சேர்ந்தபோது, நான் ஒரு பையனோடு பெசன்ட் நகர் பீச்சில் கையும் களவுமாகப் பிடிபட்டிருந்தேன்!

மறுநாள் மாமா லீவு போட்டுவிட்டு வந்தார். விசிட்டர்ஸ் ஹாலில் மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பையை என்னிடம் நீட்டி, "மாமி தட்டை பண்ணிக் குடுத்தனுப்பினா" என்றார். 

"மாமா, அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல மாமா."

"இல்லாம இருக்கலாம். நான் உன்னைத் தப்பா சொல்லலை. ஆனா கீழாத்துல, எதிராத்துல எல்லாம் பேசிண்டிருக்கா. நேக்கும் ரெண்டு பொண்ணு ஆத்துல இருக்கு. நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா உங்கப்பாவுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்? நான் விலகிக்கறேன்மா. வார்டன்ட்ட சொல்லிட்டேன். நீ வேற யாரையாவது பார்த்துக்கோ." எழுந்தார். கண் கலங்கியிருந்தது. நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் விலகும்போது சண்டை போடக்கூட வழியில்லை.

வெள்ளிக்கிழமைக்குள் வேறு எல்.ஜி.யைக் கூட்டி வர வேண்டும்; இல்லாவிட்டால் அப்பாவுக்குத் தந்தி போகும் என்றார் வார்டன். அப்பா வந்தால் என்ன நடக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். சத்தம் போட மாட்டார், அடிக்க மாட்டார். பெட்டியைக் கட்டச் சொல்வார். சிவகாசியில் அத்தை மகன் ஒருத்தன் தயாராக இருந்தான். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் பெண் நான். இன்னும் ஒரு செமஸ்டர் இருந்தது. அத்தோடு எல்லாம் முடிந்துவிடும்.

அன்று முழுக்கக் கட்டிலில் உட்கார்ந்து யோசித்தேன். இவ்வளவு பெரிய ஊரில் எனக்காகக் கையெழுத்துப் போட ஒரு பெரியவர் வேண்டும். என் பெயர் தெரிந்த பெரியவர் யார்? டீக்கடைக்காரருக்கு நான் 'பன்னு பழம்'. கண்டக்டருக்கு நான் 'ஓனர்'. தோளில் தூங்கிய பெண்களுக்கு என் முகமே தெரியாது. ஒன்றரை வருடம் இந்த ஊரில் இருந்து நான் சம்பாதித்தது இவ்வளவுதான். அழுகை வந்தது. வாய்விட்டு அழுதேன். யாருக்கும் கேட்காது என்பதால் தைரியமாகவே அழுதேன்.

அழுது முடித்ததும் கோபம் வந்தது. யார் அந்த மிஸ்? எங்கள் டிபார்ட்மெண்டில் காரும் ஸ்கூட்டரும் இல்லாமல் பஸ்ஸில் வருகிறவர் ஒருவர்தான். பி.எஸ்ஸி. முதல் வருட மாணவிகளுக்குப் பாடம் எடுப்பவர். முப்பத்தைந்துக்கு மேல் வயதிருக்கும், கல்யாணம் ஆகவில்லை, டாக்டர் பட்டம் வாங்கியவர். லஸ் பக்கம், வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதி ஒன்றில் இருந்தார். எனக்குப் பாடம் எடுத்ததில்லை; வராந்தாவில் பார்த்தால் 'குட் மார்னிங்' சொல்வதோடு சரி. நேரே அவர் விடுதிக்கே போய்விட்டேன்.

அங்கேயும் ஒரு விசிட்டர்ஸ் ஹால், அங்கேயும் ஒரு மேட்ரன். மிஸ் வந்து பெஞ்சில் உட்கார்வதற்குள் நான் ஆரம்பித்துவிட்டேன்.

"போட்டுக் குடுத்தீங்கல்ல மிஸ், இப்ப எனக்கு எல்.ஜி. இல்ல. வெள்ளிக்கிழமை ஊருக்கு அனுப்பிடுவாங்க. நீங்களே கையெழுத்துப் போடுங்க."

அவர் திகைத்துப்போனார். "ஐயோ, நான் அப்படிச் சொல்லவே இல்லம்மா. அந்தப் பொண்ணு தினம் பெசன்ட் நகர் வரைக்கும் போயிட்டு இறங்காமயே திரும்பி வர்றா, சரியா சாப்பிடறதில்ல போலிருக்கு, தனியாவே இருக்கா, யாராவது கூப்பிட்டு ஒரு வார்த்தை பேசுங்கன்னு மட்டும்தான் சொன்னேன்."

"நீங்களே கூப்பிட்டுப் பேசியிருக்கலாமே மிஸ்!"

அவர் பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்து எனக்கு இடம் விட்டார். பிறகு, "கையெழுத்து நான் போட முடியாது" என்றார்.

"ஏன்?"

"எனக்கே இங்க எல்.ஜி. இருக்காரும்மா. தி.நகர்ல சித்தப்பா. அவரு கையெழுத்து இல்லாம நான் ராத்திரி எட்டு மணிக்கு மேல வெளிய இருக்க முடியாது. நான் எப்படி உனக்குப் போடறது?"

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. உள்ளே வந்தாலே மாணவிகள் எழுந்து நிற்கிற ஒரு பேராசிரியைக்குக் கார்டியன்! ஆனால் கோபம் இன்னும் இறங்கவில்லை. அப்போதுதான் வேறொன்று உறைத்தது.

"மிஸ், நான் பெசன்ட் நகர்ல இறங்காம அதே பஸ்ல திரும்பி வந்தேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? உங்க ஹாஸ்டல் இங்க லஸ்ல இருக்கு. நீங்க அங்க என்ன பண்ணினீங்க?"

மிஸ் மேட்ரன் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். "மெதுவா பேசு" என்றார். பிறகு புடவைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நான் கடைசி சீட்ல உக்காருவேன். அங்க போனதும் இறங்கிடுவேன். இறங்காம உக்காந்திருக்க எனக்கு வெக்கமா இருக்கும், கண்டக்டர் ஏதாவது கேப்பாரு. ஒரு டீ குடிச்சிட்டு, வண்டி எடுக்கறப்ப திரும்ப ஏறிக்குவேன். நீ எப்படித்தான் இறங்காமயே இருக்கேன்னு பார்ப்பேன்."

எனக்குப் பின்னால் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒரு நாளும் நான் திரும்பிப் பார்த்ததில்லை.   கொஞ்ச நேரம் பெஞ்சின் இரு முனைகளில் உட்கார்ந்திருந்தோம். பிறகு நான் வந்துவிட்டேன்.

மறுநாள் மதியம் வார்டன் அறைக்குக் கூப்பிட்டார்கள். மிஸ் அங்கே இருந்தார். இந்தத் தடவை எனக்கும் நாற்காலி கிடைத்தது.

"பையன் யாரும் இல்ல மேடம். எல்லா நாளும் தனியாத்தான் போனா, தனியாத்தான் வந்தா" என்று மிஸ் சொல்லிக்கொண்டிருந்தார்.

"எல்லா நாளும்னு எப்படி மிஸ் சொல்றீங்க?" என்றார் வார்டன்.

"எல்லா நாளும் நானும் அந்த பஸ்ல இருந்தேன்."

"உங்களுக்கு பெசன்ட் நகர்ல என்ன வேலை? சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களா?"

"யாரும் இல்ல. ஒரு வேலையும் இல்ல. ஹாஸ்டலுக்குப் போனா பேச ஆள் இல்ல. சும்மா போயிட்டு வருவேன்." வகுப்பில் பாடம் சொல்கிற அதே குரலில், ஒரு தடுமாற்றம் இல்லாமல் சொன்னார்.

வார்டன் மேசை மேலிருந்த பேப்பர் வெயிட்டை நகர்த்தி வைத்தார், திரும்ப நகர்த்தினார். ஒரு பெண்ணிடம் பையன் யார் என்று கேட்கத் தெரிந்த அவருக்கு, இதற்கு என்ன கேட்பது என்று தெரியவில்லை. "சரி, காபி சாப்பிடறீங்களா?" என்றார்.

மிஸ் அத்தோடு விடவில்லை. அன்று சாயங்காலமே தெப்பக்குளத்துக்குப் பின்னால் மாமா வீட்டுக்கு நடந்து போய், கீழ் வீட்டு அம்மாளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு இதையே மறுபடி சொல்லியிருக்கிறார். மாமா மறுநாள் வந்து திரும்பக் கையெழுத்துப் போட்டார். "அந்த மிஸ் பாவம்டி" என்றார் போகும்போது. அப்பாவுக்குத் தந்தி போகவில்லை. என் படிப்பு தப்பியது.

அதற்கப்புறம் நடந்ததுதான் கூத்து. வார்டன் என்னைக் கவனிக்க ஏற்பாடு செய்தார். மெஸ்ஸில் எனக்கு இரண்டு பக்கமும் இரண்டு பெண்கள் உட்கார வேண்டும் என்று உத்தரவு. உட்கார்ந்தார்கள். என்னைத் தாண்டி ஒருத்தியோடு ஒருத்தி பேசிக்கொண்டார்கள். குழம்பு வாளியை மட்டும் என் பக்கம் நகர்த்தினார்கள். கொஞ்ச நாளில் அதுவும் நின்றது. இனிமேல் லைப்ரரி என்று சொல்லிவிட்டு பஸ் ஏற முடியாது. கேட்டில் சொல்லி வைத்திருந்தார்கள். சாயங்காலம் ஆனால் அறைதான்.

மிஸ்ஸைப் பற்றி வராந்தா முழுக்கப் பேச்சு. "வயசாயிடுச்சுல்ல, கல்யாணம் வேற ஆகல, அதான் இப்படி ஆயிட்டாங்க" என்று லேப் அக்கா சொன்னது என் காதிலேயே விழுந்தது. பிரின்சிபால் கூப்பிட்டு, ஒரு மாதம் லீவு எடுத்துக்கொள்ளலாமே என்று சொன்னதாகவும் கேள்விப்பட்டேன். தி.நகர் சித்தப்பாவுக்கும் போன் போயிருந்தது. தினம் சாயங்காலம் யாராவது ஒரு மேடம் தன் ஸ்கூட்டரில் அவரை ஏற்றிக்கொண்டு போய் விடுதி வாசலில் இறக்கிவிடுவது என்று ஸ்டாஃப் ரூமில் முறை போட்டுக்கொண்டார்கள். அவர் உள்ளே போவதைப் பார்த்துவிட்டுத்தான் வண்டியைத் திருப்புவார்களாம்.

நாங்கள் இரண்டு பேரும் சிநேகிதம் ஆகியிருப்போம் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. வராந்தாவில் எதிரே வந்தால் அவர் சுவரைப் பார்ப்பார், நான் தரையைப் பார்ப்பேன். ஒருவரைப் பற்றி ஒருவருக்குத் தெரியக் கூடாதது தெரிந்துவிட்டது. 'குட் மார்னிங்' கூட நின்றுபோனது.

கடைசிப் பரீட்சை முடிந்த அன்று, ஊருக்குக் கிளம்புமுன் ஸ்டாஃப் ரூமுக்குப் போனேன். அவர் மட்டும் இருந்தார். பரீட்சை எப்படி எழுதினாய் என்று கேட்டார், சொன்னேன்.  போய்விடலாம் என்று திரும்பியவளுக்கு ஏனோ கால் வரவில்லை.

"பஸ்ல போறீங்களா மிஸ் இப்பல்லாம்?"

"எங்க விடறாங்க? எல்லாரும் ரொம்ப நல்லவங்களா ஆயிட்டாங்க."

"என்னாலதான் மிஸ் இவ்வளவும். பையன் இல்லன்னு மட்டும் சொல்லியிருந்தாப் போதுமே. உங்களைப் பத்தி ஏன் மிஸ் சொன்னீங்க? கூட்டத்துல பார்த்தேன்னு சொல்லி முடிச்சிருக்கலாமே."

கீழே ஸ்கூட்டர் ஹார்ன் அடித்தது. அவர் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"உன்னைப் பத்திப் போய்ச் சொல்ல நான் இருந்தேன்" என்றார். "என்னைப் பத்திச் சொல்ல யாரு இருக்கா? அதான் நானே சொல்லிப் பார்த்தேன்."